சிறுநீரகத்தின் தராசும் நோன்பின் சலுகையும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மத் முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



ரமளான் நெருங்கும் நாட்களில் திருவண்ணாமலையில் நம்மிடம் மஸ்அலா கேட்டு வருகிறவர்களில் ஒரு சாரார் இப்போது அதிகமாகி வருகின்றனர். கையில் மருத்துவமனைச் சீட்டு இருக்கும். அதில் 'கிரியாட்டினின்' என்று ஓர் எண் எழுதியிருக்கும். "ஹஜ்ரத், டாக்டர் நோன்பு வைக்கக் கூடாது என்கிறார். நாற்பது வருஷமாக ஒரு நோன்பு விட்டதில்லை. இப்போது விட்டால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வேன்?" என்று கண் கலங்குவார்கள்.

இவர்களாவது வந்து கேட்கிறார்கள். கேட்காமலே நோன்பு வைப்பவர்கள் இன்னும் அதிகம். டாக்டரிடம் சொல்வதில்லை, வீட்டாரிடமும் சொல்வதில்லை. பகல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். டயாலிசிஸ் நாளைத் தள்ளிப் போடுவார்கள். ரமளான் பதினைந்து, இருபதில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்படுவார்கள். பக்தியினால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அல்லாஹ்வும் அவன் தூதரும் கேட்ட பக்தி இதுதானா என்பதையே இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அல்லாஹ் வைத்த தராசு

சூரத்துர் ரஹ்மானில், வானத்தை உயர்த்திய தன் வல்லமையைச் சொன்ன கையோடு, தராசையும் அமைத்ததாக அல்லாஹ் கூறுகிறான். அந்தத் தராசில் வரம்பு மீற வேண்டாம், எடையைக் குறைக்கவும் வேண்டாம் என்று எச்சரிக்கிறான். கடைத்தராசை மட்டும் நினைத்து இந்த ஆயத்தை ஓதிச் செல்கிறோம். நம் உடலுக்குள்ளேயும் ஒரு தராசை அந்த நாயன் வைத்திருக்கிறான். நாம் தூங்கும்போதும் அது நிறுத்துக் கொண்டே இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே உண்டாக்கியதாக அருள்மறை கூறுவதன் சாட்சி நம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறதல்லவா? ஆனால் அது வெறும் தண்ணீர் அல்ல. அதில் உப்பின் சத்தாகிய சோடியம், பொட்டாசியம், அமிலம், காரம் எல்லாம் ஒரு கணக்கோடு கலந்திருக்கின்றன. இந்தக் கணக்கைக் காப்பவை முதுகின் இரு புறமும், விலா எலும்பின் கீழ்ப் பகுதியையொட்டி இருக்கும் இரண்டு சிறுநீரகங்கள். அவரை விதையின் வடிவம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடை. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள்.

இவை ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியை, வேண்டிய உப்பையும் சத்தையும் சேர்த்து, இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற அளவில் நிற்க வேண்டும். பொட்டாசியம் மூன்றரை முதல் ஐந்துக்குள் நிற்க வேண்டும். அது ஆறு, ஏழு என்று ஏறிவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடக் கூடும்.

அமிலத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. நாம் உண்ணும் இறைச்சியும் பருப்பும் உடலில் எரிந்து தினமும் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதை அளக்கும் எண் இரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரைதான் இருக்கலாம். இந்த இடைவெளியைக் காக்க அல்லாஹ் இரண்டு காவலர்களை நியமித்திருக்கிறான். ஒன்று நுரையீரல், கரியமில வாயுவை வெளியேற்றிச் சில நிமிடங்களில் கணக்கைச் சரி செய்யும். மற்றொன்று சிறுநீரகம், அமிலத்தைச் சிறுநீரில் தள்ளி, அதை முறிக்கும் காரத்தை இரத்தத்துக்குத் திருப்பித் தரும். அதன் வேலை மெதுவானது. முழுமையாக முடிய இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். பேதியானால் காரம் வெளியேறி இரத்தத்தில் அமிலம் மிகும். விடாமல் வாந்தியெடுத்தால் அமிலம் வெளியேறிக் காரம் மிகும். இரண்டையும் கடைசியில் சமன் செய்வது சிறுநீரகம்தான்.

ஸுப்ஹானல்லாஹ்! கைக்குள் அடங்கும் இரண்டு உறுப்புகளுக்கு எத்தனை பெரிய பொறுப்பு!

நோன்பாளியின் உடலில் என்ன நடக்கிறது?

நமது ஊரில் ஸஹர் முடிவிலிருந்து மஃக்ரிப் வரை காலத்திற்கேற்ப ஏறத்தாழ 13, 14 மணி நேரம். இத்தனை நேரமும் தண்ணீர் உள்ளே போவதில்லை. வியர்வையும் மூச்சும் நீரை வெளியே கொண்டு போகின்றன. இரத்தம் கொஞ்சம் கெட்டியானதும் மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஒரு நீரைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்கு, 'தண்ணீரைச் சிக்கனம் செய்' என்று கட்டளையிடுகிறது. உடனே சிறுநீர் குறைந்து, மஞ்சள் நிறம் கூடுகிறது. கழிவு வெளியேறுகிறது; நீர் காப்பாற்றப்படுகிறது. இஃப்தார் ஆனதும் நிலைமை பழையபடி திரும்புகிறது.

ஆகவே நலமாக இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆரோக்கியமுள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு ரமளான் நோன்பு கேடு செய்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவரவில்லை. படைத்தவன் கடமையாக்கிய நோன்பைத் தாங்கும்படியாகவே இந்த உறுப்பையும் படைத்திருக்கிறான்.

ஆனால் பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. சுரப்பி கட்டளையிட்டாலும் அதனால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. இரவில் இரண்டு, மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிப்பது இந்த நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்றாக இருப்பதும் இதனால்தான். இப்படிப்பட்டவர் பகல் முழுதும் தண்ணீரில்லாமல் இருந்தால், உள்ளே எதுவும் வராமலே வெளியே நீர் போய்க் கொண்டிருக்கும். இரத்த அழுத்தம் தாழும். ஏற்கெனவே மெலிந்த வடிகட்டிகளுக்கு இரத்தம் குறையும். எஞ்சியிருந்ததும் ஒரே மாதத்தில் போய்விடலாம்.

நோய் முற்றியவருக்கு ஆபத்து வேறு விதம். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அமிலத்தையும் வெளியேற்ற முடியாது. தேங்கிய அமிலத்தை முறிக்க உடல் தன் எலும்பிலுள்ள சத்தையே கரைக்கிறது; தசை மெலிகிறது; மூச்சு வேகமாகிறது. இதற்காகத்தான் டாக்டர்கள் சோடா மாத்திரை கொடுக்கிறார்கள். ரமளான் வந்ததும் நம்மவர் முதலில் நிறுத்துவது இந்த மாத்திரையைத்தான்!

சர்க்கரை நோயாளிகளும் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் கெடுவதற்குப் பெருங்காரணங்கள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமே. இன்சுலின் போடுகிறவர் தாமாகவே அதை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் அமிலம் பெருகும். ஆழ்ந்த, வேகமான மூச்சும், பழ வாடையும், வாந்தியும் அதன் அடையாளங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. ஆகவே எந்த மாத்திரையை எந்த நேரத்தில் என்பதை ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொள்ள வேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

சலுகையை மறுத்தவர்கள்

சூரத்துல் பகராவில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே, நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்யலாம் என்று அல்லாஹ் சொல்லிவிட்டான். அடுத்த ஆயத்தில் அதையே மீண்டும் சொல்லி, நமக்கு இலகுவையே நாடுவதாகவும் சிரமத்தை நாடவில்லை என்றும் காரணமும் கூறினான். கடமையும் சலுகையும் ஒரே இடத்தில், ஒரே நாயனிடமிருந்து வந்தவை. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள நமக்கு உரிமை ஏது?

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். ஒரு பிரயாணத்தில் ஸஹாபி ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவரைக் கொன்றுவிட்டார்களே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்விதானே மருந்து என்றும் கூறினார்கள்.

சகோதரர்களே! அந்தத் தோழர்கள் வாளெடுத்துக் கொல்லவில்லை. மார்க்கத்தில் பேணுதலாக இருப்பதாக நினைத்தே ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த வார்த்தையையே நாயகம் (ஸல்) அவர்கள் கொலை என்றார்கள். 'எங்கள் அத்தா சாகும் வரை நோன்பு விடவில்லை, உனக்கு என்ன வந்தது?' என்று நோயாளியிடம் சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். மிம்பரில் நிற்கும் நம் போன்ற ஆலிம்களும் நினைத்துப் பார்க்க வேண்டும். நோன்பின் சிறப்பை நாற்பது நிமிடம் பேசிவிட்டு, சலுகையை ஒரு வரியில் முடித்துவிட்டால், கேட்டவர் எதை எடுத்துக் கொண்டு வீடு செல்வார்?

மஸாயில்

எந்த நோய்க்குச் சலுகை? தலைவலிக்கும் சோம்பலுக்கும் அல்ல. நோன்பினால் நோய் அதிகமாகும், அல்லது குணமாவது தாமதமாகும், அல்லது உறுப்புக்குக் கேடு வரும் என்ற பலமான எண்ணம் வேண்டும். சொந்த அனுபவத்தாலோ, தெளிவான அறிகுறியாலோ, தேர்ந்த மருத்துவரின் சொல்லாலோ அது உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் நோன்பு வைப்பது ஆகாது, விடுவது கட்டாயமாகிவிடும்.

டாக்டர் முஸ்லிமாக இல்லாவிட்டால்? பழைய கிதாபுகளில் முஸ்லிமான, நேர்மையான, தேர்ந்த தபீப் என்ற நிபந்தனை காணப்படுகிறது. வணக்க விஷயத்தில் அலட்சியமாகச் சொல்லிவிடுவாரோ என்ற பேணுதலுக்காக வைத்த நிபந்தனை அது. இன்று இரத்தப் பரிசோதனையின் எண்ணே முன்னால் பேசுகிறது. துறை தேர்ந்த, நம்பத்தக்க மருத்துவர் சொல்லி, அது உண்மை என்று நம் மனமும் உறுதி கொண்டால் அதன்படி நடக்கலாம் என்பதே இக்கால உலமாக்கள் பலரின் தீர்ப்பு.

நோன்பு வைத்த பிறகு பகலில் முடியாமல் போனால்? மயக்கம், மனத்தடுமாற்றம், நெஞ்சுப் படபடப்பு, அடங்காத பேதி, சிறுநீர் வெகுவாகக் குறைந்து போதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். களா மட்டுமே கடமை, கஃப்ஃபாரா இல்லை. தானாக வந்த வாந்தியால் நோன்பு முறியாது. ஆனால் உடல் தளர்ந்துவிட்டால் திறந்து கொள்ளலாம்.

களாவா, ஃபித்யாவா? இதில்தான் பலர் தவறுகின்றனர். இப்போது முடியாது, ஆனால் பின்னால் முடியும் என்ற நிலையிலிருப்பவர் ஃபித்யா கொடுத்து ஒதுங்க முடியாது. களாச் செய்ய வேண்டும். ரமளான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னேறி வருகிறது. 2018ல் அது கத்திரி வெயிலில் தொடங்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் முடியாதவருக்குக் கார்த்திகை, மார்கழியின் குளிர்ந்த குறும்பகலில் முடியலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைக்கலாம். டாக்டர் அனுமதித்தால் அதுவே வழி.

இனி குணமாகும் நம்பிக்கையே இல்லாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் ஃபித்யா கொடுப்பார். ஹனஃபி மத்ஹபில் அது ஸதகத்துல் ஃபித்ர் அளவு, அதாவது சுமார் 1 கிலோ 600 கிராம் கோதுமை அல்லது அதன் கிரயம்; பேணுதலுக்கு ஒன்றே முக்கால் கிலோ. ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் முக்கிய உணவிலிருந்து ஒரு முத்து, அதாவது அரிசியில் சுமார் 600 கிராம். பேணுதலுக்கு முக்கால் கிலோ. ஃபித்யா கொடுத்தவர் பிறகு குணமடைந்தால் ஹனஃபி மத்ஹபின்படி களாச் செய்ய வேண்டும். கொடுக்கவும் வசதியில்லாதவர் அல்லாஹ்விடம் இஸ்திக்ஃபார் செய்து கொள்வாராக. அவன் எவரையும் சக்திக்கு மீறிச் சோதிப்பதில்லை.

டயாலிசிஸால் நோன்பு முறியுமா? இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரத்த நாளத்தின் வழியாக உள்ளே செல்வதால் முறியாது என்போரும் உண்டு. சத்துள்ள நீர் சேர்க்கப்படுவதால் முறியும் என்போரும் உண்டு. நோயாளி இந்தத் தர்க்கத்தில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவரை விடச் சலுகைக்குரிய நோயாளி யார்? நோன்புக்காக டயாலிசிஸை ஒரு நாள்கூடத் தள்ளி வைக்கலாகாது.

தொழுகை? படுக்கையில் இருந்தபடி சைக்கினையால் தொழலாம். ஊசி குத்திய இடத்திலிருந்து வழிந்த இரத்தம் ஹனஃபி மத்ஹபில் உளூவை முறிக்கும்; ஷாஃபிஈ மத்ஹபில் முறிக்காது. சிறுநீர்க் குழாயும் பையும் பொருத்தப்பட்டவர் மஃதூர் ஆவார். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்கு ஓர் உளூ, ஷாஃபிஈயில் ஒரு ஃபர்ளுக்கு ஓர் உளூ என்று செய்து கொண்டு நிம்மதியாகத் தொழலாம். பை இருக்கிறதே என்று தொழுகையை விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

வீட்டாரின் கடமை

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு ரமளானில் மக்கா வெற்றிக்காகப் புறப்பட்ட நாயகம் (ஸல்) அவர்கள் குராஉல் கமீம் என்ற இடத்தை அடைந்தார்கள். நபியவர்களும் நோன்பு, மக்களும் நோன்பு. மக்களுக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது, தாங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. அஸருக்குப் பின் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வரவழைத்து, எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்துப் பருகினார்கள். அதன் பிறகும் சிலர் நோன்போடு இருப்பதாகத் தெரிந்தபோது, அவர்கள் மாறு செய்தவர்கள் என்று கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

ஏன் உயர்த்திப் பிடித்தார்கள்? சிரமப்படுகிறவரின் வெட்கம் நீங்கட்டும் என்பதற்காக அல்லவா? இன்று நம் வீடுகளில் நோயாளியின் நிலை என்ன? அடுப்படிக் கதவைச் சாத்திக் கொண்டு திருட்டுத்தனம் போல் ஒரு வாய் சோறு சாப்பிடுகிறார். மருமகள் பார்த்துவிடுவாளோ, பேரன் கேட்டுவிடுவானோ என்று அஞ்சுகிறார். அந்த வெட்கம் தாங்காமலே பலர் நோன்பு வைத்து விழுகிறார்கள். வீதியில் பகிரங்கமாக உண்ணாமல் ரமளானின் கண்ணியம் காப்பது வேறு. வீட்டுக்குள் ஒரு நோயாளியைக் குற்றவாளியாக்குவது வேறு. மகனே தன் கையால் நேரத்துக்கு உணவும் மாத்திரையும் கொண்டு வந்து வைத்து, 'அத்தா, இதுவும் அல்லாஹ் சொன்னதுதான், சாப்பிடுங்கள்' என்று சொன்னால் அந்த உள்ளம் எவ்வளவு குளிரும்!

இஃப்தார் விரிப்பிலும் கவனம் வேண்டும். பேரீச்சம்பழம், இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் நலமுள்ளவருக்கு அருமருந்து. பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு அவையே நஞ்சு. அப்படியானால் ஸுன்னத் போய்விடுமா? போகாது. பழம் இல்லையென்றால் சில மிடறு தண்ணீரால் நோன்பு திறந்ததும் நாயகத்தின் வழிமுறையே. சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருப்பதுண்டு. சிறுநீரக நோயாளி டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. நோன்புக் கஞ்சியில் நோயாளியின் பங்கை உப்புப் போடுமுன் தனியே எடுத்து வைப்பது பெண்களுக்குச் சிறு வேலை. அல்லாஹ்விடம் பெரிய கூலி.

'நிறையத் தண்ணீர் குடி' என்ற உபதேசமும் எல்லோருக்கும் பொருந்தாது. நலமுள்ளவர் இஃப்தார் முதல் ஸஹர் வரை பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். சிறுநீரே வராத டயாலிசிஸ் நோயாளி அளவுக்கு மேல் குடித்தால் அந்த நீர் நுரையீரலில் கோத்துக் கொள்ளும். அவருக்கு டாக்டர் சொன்ன அளவே அளவு. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் தண்ணீர் குறைந்த உடலில் சிறுநீரகத்தைத் தாக்கும். இதை முதியவர்களிடம் அவசியம் சொல்லி வையுங்கள்.

நமது ஊருக்கு ஒரு வார்த்தை

ரமளான் பிறை பதினான்கு, பதினைந்தில் நமது ஊரில் பௌர்ணமி. பிற சமயச் சகோதரர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் நாள் அது. கடையும் தள்ளுவண்டியும் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இரவெல்லாம் வியாபாரம். விடிய விடிய நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்க மறந்து, ஸஹரும் தவறி, மறுநாள் வெயிலில் நோன்போடு நிற்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் பிறை 13, 14, 15ல் நஃபில் நோன்பு வைப்பவர்களுக்கும் இதே நிலைதான். வியாபாரம் ஹலால், உழைப்பும் இபாதத். ஆனால் அந்த இரவில் மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதும், ஸஹரைத் தவறவிடாததும் நோன்புக்கும் உடலுக்கும் செய்யும் உதவியாகும்.

வெயிலில் உடல் வற்ற உழைப்பவர்களிடம் சிறுநீரகம் கெடும் நோய் உலகில் பல இடங்களில் பரவியிருக்கிறது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகள் இதனால் பெரும் துன்பம் அடைந்திருக்கிறார்கள். முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. வெயிலும் நீரிழப்பும் காரணங்களில் சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். கட்டட வேலையிலும் வயலிலும் நிற்கும் நம்மவர் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது.

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. பேதியில் இன்னும் அதிகமாகப் போகிறது. 1971ல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் மடிந்து கொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காத்தார். குடலில் சர்க்கரை உப்பை இழுத்துக் கொள்ள, உப்பு நீரை இழுத்துக் கொள்ளும் என்பதே அதன் சூட்சுமம். இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

நம் பகுதி மக்கள் தீனின் ஃபத்வாவுக்கு வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நாடுவார்கள். சிறுநீரக வைத்தியத்துக்கும் அதே வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுவார்கள். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலாக வெற்றி கண்டது 1971ல் அங்கேதான். இரண்டு வாசலிலும் கேட்க வேண்டியவர்களே நாம். ஒன்றில் கேட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

செலவுக்கு அஞ்சி வைத்தியத்தை நிறுத்துகிறவர்களுக்கு மஹல்லா ஜமாஅத் வழிகாட்ட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் அடங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளோடு, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்குரிய பைகளும் தரப்படுகின்றன. படிவம் நிரப்பத் தெரியாத ஒரு விதவைக்கு அதை நிரப்பிக் கொடுப்பதும் ஸதகாவே. ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளியின் கையில் ஜகாத்தைக் கொடுத்தால் பஸ் செலவுக்கும் ஊசிக்கும் ஆகும்.

இரு சாராருக்கும்

நலமாக இருந்து கொண்டே, வயிற்றெரிச்சல், சூடு என்று சாக்குச் சொல்லி நோன்பை விடும் சகோதரர்கள் இக்கட்டுரையைக் கையில் பிடித்துக் கொண்டு வர வேண்டாம். சலுகை நோயாளிக்குரிய சொத்து. உரிமையில்லாதவன் அதை எடுத்தால் அது மோசடி. பிறர் அறியாவிட்டாலும் உள்ளத்தை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான்.

நோயாளிச் சகோதரர்களே! தாய்மார்களே! நீங்கள் ஆரோக்கியமாக இருந்தபோது செய்து வந்த அமல்களின் கூலி, நோயிலும் பிரயாணத்திலும் உங்களுக்குக் குறைவின்றி எழுதப்படும் என்று புகாரி ஷரீபின் ஹதீஸில் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் வைத்தவரின் நோன்பு நாற்பத்தொன்றாம் வருஷத்திலும் எழுதப்படுகிறது. பகலில் நீங்கள் விழுங்கும் மாத்திரை அல்லாஹ்வின் கட்டளைக்குக் கட்டுப்பட்ட செயல். நாவால் திக்ரு செய்யுங்கள், குர்ஆன் ஓதுங்கள், பிறரை நோன்பு திறக்க வையுங்கள். ரமளான் உங்களை விட்டுப் போய்விடவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உடலுக்குள் நீ வைத்த தராசைச் சீராக வைப்பாயாக! பிணியுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் கரங்களுக்கு வலிமை தருவாயாக! உன் கடமையை ஏற்கும் உள்ளத்தையும், உன் சலுகையை நன்றியோடு பெறும் உள்ளத்தையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.